தாயின் பெயர் சொல்லி

ஞாயிறு பதிப்பில் ஆன்மிக நூல்களை அறிமுகப்படுத்தும் சிறு பத்தி ஒன்றை நெடுநாளாக எழுதி வருகிறேன். ஈப்போவில் நிருபராக இருந்தபோது, பக்கம் நிரம்பவில்லை என்று ஆசிரியர் கேட்டதற்காகத் தொடங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் அது மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் வாசகர்கள் கடிதம் போடுவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் குரலைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள்.

யாரும் நேராகப் புத்தகம் கேட்பதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் கேட்பார்கள். "அப்பா தவறிட்டாரு மேடம், அம்மா டிவியப் போட்டுட்டு, பாக்காமலே உக்காந்திருக்காங்க, ஏதாச்சும் நல்ல புஸ்தகம் இருந்தா சொல்லுங்க" என்பது போல. நான் பதிலுக்குச் சிலவற்றைக் கேட்பேன். அவரே படிப்பாரா, யாராவது படித்துக் காட்ட வேண்டுமா? தமிழ்ப் பள்ளியில் படித்தவரா? கண் பார்வை எப்படி? துக்கத்தில் இருப்பவரிடம் முன்வினையைப் பற்றிப் பேசும் புத்தகத்தை நான் சொல்வதில்லை. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தோடு மூடி வைத்தாலும் பாதியில் விட்டது போல் இருக்கக் கூடாது. நான் பெரிய பக்தை அல்ல. புத்தகத்தையும் ஆளையும் பொருத்திப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

அக்கா என் பத்தியைப் படித்ததே இல்லை. "டாக்டர் மருந்து எழுதிக் குடுக்குற மாதிரி இவ ஊருக்கெல்லாம் சாமி புஸ்தகம் எழுதிக் குடுக்குறா" என்று தன் வீடிருக்கும் சிலிபினில் அண்டை வீட்டாரிடம் கேலி பேசுவாள். அவளும் என்னிடம் ஒரு புத்தகம் கேட்டாள். அவளுடைய ஒரே மகள் இறந்த பிறகு.

மகள் ஒரு மலாய்க்காரரை விரும்பி, மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டு பாரிட் புந்தாரில் இருந்தாள். மாப்பிள்ளை அங்கே ஒரு நெல் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அக்காவின் கணவர் இருந்தவரை அந்தப் பிள்ளையின் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது. அவர் காலமான பிறகுதான் போக்குவரத்து தொடங்கியது. தீபாவளிக்கு அவர்கள் சிலிபினுக்கு வருவார்கள். நோன்புப் பெருநாளுக்கு அக்கா பஸ் ஏறிப் போவாள். மாப்பிள்ளைக்கு ஒரு சங்கடமும் இருக்கக் கூடாது என்று தனியாகச் சட்டியும் தட்டும் வாங்கி, அலமாரியின் மேல் தட்டில் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். அவர் அவளை "மாக்" என்று கூப்பிடுவார். மலாயில் அம்மா.

டிங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், காய்ச்சல் இறங்குகிறது என்றார்கள், மறுநாள் காலை இல்லை என்றார்கள்.

அக்காவை என் காரில் அழைத்துப் போனேன். நாங்கள் சேர்ந்தபோது குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. மாப்பிள்ளை எழுந்து வழிவிட்டார். அக்கா மகளின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணீர் துணியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அருகிலிருந்த பெண் ஒருத்தி மலாயில் மெதுவாகச் சொன்னாள். அக்கா தலையாட்டினாள். அதன் பிறகு அழுகை வந்தபோதெல்லாம் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கை கன்னத்திலேயே இருந்தது.

அடக்கம் செய்யும் இடம் வயலை ஒட்டி இருந்தது. கம்பி வேலி, இரும்புக் கதவு. அக்கா அந்தக் கதவருகே நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் அக்காள் திரும்பி வந்து, உள்ளே வாருங்கள், பெண்களும் போகிறோம் என்று கையைப் பிடித்து அழைத்தார். அக்கா மலாயில் பரவாயில்லை, பரவாயில்லை என்று கையை விடுவித்துக்கொண்டாள். என்னிடம் தமிழில் சொன்னாள்.

"பொம்பளைங்க காட்டுக்குப் போறதில்லடி. நாம பாட்டுக்கு உள்ள போயி, எதையாச்சும் தப்பா மிதிச்சு வச்சு, அவளுக்கு ஏதும் கொற வந்துடக் கூடாது."

நானும் அவளோடு நின்றேன். உள்ளே ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. மண் தள்ளினார்கள். பிறகு எல்லாரும் குந்தி உட்கார, ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து நெடுநேரம் எதையோ வாசித்தார். வயல் காற்றில் குரல் வந்து வந்து போயிற்று. சொற்கள் எங்கள் வரைக்கும் வரவில்லை.

சிலிபின் திரும்பிய பிறகு பதினாறாம் நாள் காரியம் பற்றி அக்கா கேட்டாள். எங்கள் சித்தப்பா மகன்தான் குடும்பத்தில் இந்த மாதிரிக் காரியங்களை முன்னின்று செய்கிறவன். அவன் கடுமையாகச் சொல்லவில்லை. "அவங்க முறப்படி அடக்கம் ஆயிடுச்சுக்கா. நாம இதுக்கு மேல எதைச் செஞ்சாலும் அது தப்பாத்தான் போவும். வெளக்க ஏத்தி கும்பிட்டுக்குங்க, போதும்லா" என்றான். அக்கா விளக்கை ஏற்றினாள். படத்துக்கு மாலை போடலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியாமல், வாங்கிய மாலையைக் கோயிலில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குச் சில நாள் கழித்து என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"நீ ஊருக்கெல்லாம் புஸ்தகம் சொல்றியே, எனக்கு ஒண்ணு சொல்லு."

பெரிய எழுத்தில் அச்சிட்ட பதிகத் தொகுப்பு ஒன்று என் மனதில் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இங்கயே இருக்கு. எனக்கு அவங்க புஸ்தகம் வேணும். தமிழ்ல. அன்னிக்கு அவளுக்கு என்னென்ன செஞ்சாங்க, அந்த ஆளு குந்திக்கிட்டு அவ்வளவு நேரம் என்ன ஓதுனாரு, அது தெரியணும். பெத்தவளுக்குத் தெரியாம இருக்கலாமாடி?"

ஈப்போ பழைய நகரில் தமிழ் முஸ்லிம் ஒருவர் கடை வைத்திருக்கிறார். தொப்பி, அத்தர், பேரீச்சம்பழம், உள்ளே ஓர் அலமாரியில் தமிழ்நாட்டிலிருந்து வரும் மார்க்கப் புத்தகங்கள். பெருநாள் வாழ்த்து விளம்பரம் வாங்கப் போய் வந்த பழக்கம். நான் அவரை நானா என்று கூப்பிடுவேன், அண்ணன் என்ற பொருளில்.

"வாங்க தங்கச்சி. பேப்பர்காரவங்க கடைக்குள்ள வந்தா எனக்கு வயித்தக் கலக்குதுலா. என்னா, எலி ஓடுதுன்னு யாராச்சும் எழுதிப் போட்டாங்களா?"

"புஸ்தகம் வாங்க வந்தேன் நானா."

"இத்தன வருசமா சனங்களுக்குப் புஸ்தகம் சொல்றீங்க, நம்ம அலமாரிப் பக்கம் தலைய திருப்புனதில்ல. இன்னிக்கு ஈப்போவுல வெள்ளம்தான்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். நான் வாசகர்களிடம் கேட்பதையேதான் அவரும் கேட்டார். அவங்களே படிப்பாங்களா? கண்ணு தெரியுமா? இரண்டு புத்தகங்களை எடுத்தார். கனமானதைத் திரும்ப வைத்தார்.

"இது ரொம்பப் படிச்சவரு எழுதுனது. மெரட்டிக்கிட்டே வரும். இது சின்னது, என்ன செய்யணும்னு மட்டும் சொல்லும்."

சின்னதைப் புரட்டி, நடுவில் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒரு குண்டூசியைக் குத்தினார். "கபுருக்குள்ள, அடக்கம் பண்ண குழிக்குள்ள, என்ன நடக்கும்கிற சங்கதி இது. பெத்த தாயி இப்ப படிக்கிற பக்கமில்ல. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அக்கா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு படித்தாள். சிம்பாங் பூலாய்க்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். சொல்லுக்கு அடியில் விரலை நகர்த்தி, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுத்தான் படிப்பாள். நான் வாரத்தில் இரண்டு மூன்று முறை போவேன். குண்டூசி குத்திய தாள்களைக் காட்டி ஏன் என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார் என்றேன். "சரி, வேணாம்னா வேணாம்" என்று அப்படியே விட்டாள்.

குளிப்பாட்டும் முறையை வாசித்தபோது அவள் முகம் சற்றுத் தெளிந்தது. "பாருடி, மொதல்ல வலது பக்கம் ஊத்துறாங்களாம். தண்ணியில வாசனைக்குக் கற்பூரம் போடுறாங்களாம். நாசூக்காத்தான் செய்றாங்க." துணி சுற்றும் பகுதியை இரண்டு முறை படித்தாள். தொழுகையின் அரபுச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருந்தன. அவற்றைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று வாய்க்குள்ளேயே படித்தாள்.

பிறகு ஒரு நாள் நான் படியேறி வரும்போதே கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"வா, வா. இங்க படி இத."

மண் மூடிய பிறகு ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து, இறந்தவரிடம் நேராகப் பேசுவது போல, அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நினைவூட்டுவாராம். அதற்குத் தல்கீன் என்று பெயர். அப்போது இறந்தவரை அவருடைய தாயின் பெயரைச் சொல்லி, இன்னாரின் பிள்ளையே என்று அழைக்க வேண்டும் என்றிருந்தது.

"அப்பன் பேரு இல்லியாம்டி. ஆத்தா பேரு. அந்த மனுசன் இந்த வீட்டுல அவ பேரச் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தாரே, அவரு பேர அங்க யாரும் கேக்கலியே! எம் பேரத்தான் சொல்லியிருக்காங்க. அத்தன பேருக்கு முன்னால. நாம கேட்டுக்கிட்டு நின்னோமே, அதான்டி அது!"

மகள் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அக்காவின் பெயர் வாயால் சொல்லப்படுவது அபூர்வம். அவள் கணவர் "இந்தா" என்பார். எனக்கு அக்கா. பக்கத்து வீடுகளுக்கும் அக்கா. கிளினிக்கில் எண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை உரக்கச் சொன்ன கடைசி ஆள் தோட்டத்துக் கணக்கர், அந்தக் கிராணியாக இருக்கலாம். பால் வெட்டப் போகும் முன் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார். தோட்டம் விற்கப்பட்டு அங்கே வீடுகள் வந்து எவ்வளவோ காலமாகிறது.

"மாப்பிள்ளத் தம்பிகிட்ட கேளேன். இமாம் எப்படிச் சொன்னாருன்னு. மலாய்க்காரவங்க வாயில எம் பேரு எப்படி வந்திருக்கும்? மென்னு துப்பியிருப்பாரு!" என்றாள். "கேக்குறதுதானே உன் வேலை. கேட்டுட்டு வா."

போனில் கேட்கும் விஷயமாக எனக்குப் படவில்லை. பாரிட் புந்தாருக்குப் போனேன். மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து, உமி ஒட்டிய சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். மலாயில்தான் பேசினோம். மாக் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். புத்தகம் படிக்கிறார் என்றேன். எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார் என்றும், என்ன தெரிந்துகொண்டு வரச் சொன்னார் என்றும் சொன்னேன்.

அவர் கால் பெருவிரலால் சிமெண்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மண் மூடியதும் இமாம் குனிந்து, இவருடைய தாயார் பெயர் என்ன என்று கேட்டாராம். மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அவள் மாக். பிறப்புப் பத்திரத்தில் இருந்திருக்கும், அது வீட்டில் இருந்தது. தம் அக்காளைத் திரும்பிப் பார்த்தாராம், அவருக்கும் தெரியவில்லை. கதவருகே நின்ற எங்களைப் பார்த்தாராம். ஆளனுப்பிக் கேட்டிருக்கலாம், ஆனால் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. அவர் தயங்குவதைப் பார்த்து இமாம் தோளில் தட்டி, பாதகமில்லை, தாயின் பெயர் தெரியாதபோது மனிதர்கள் எல்லாருக்கும் முதல் தாயின் பெயரைச் சொல்லி அழைப்பதுண்டு, அதனால் ஒரு குறையும் இல்லை என்றாராம். அப்படித்தான் அழைத்தார்கள்.

அவர் தம் போனை எடுத்து எனக்குக் காட்டினார். அக்காவின் எண்ணுக்கு மேல் "மாக் ஈப்போ" என்றிருந்தது.

"அவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். என் வாய்க்கே அது புதிதாக இருந்தது. அவர் திருப்பிச் சொன்னார், இடையில் ஓர் எழுத்து வரவில்லை. மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டு, சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தாமே வந்து அவளிடம் சொல்வதாகச் சொன்னார். நானே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

மறுநாள் சிலிபினில் நான் படியேறும்போது பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா பேரச் சொல்லி ஓதுனாங்களாம்ல? சொன்னாங்க. கேக்கவே ஒரு மாதிரி நல்லா இருக்குக்கா" என்றாள்.

அக்கா தேத்தண்ணி போட்டு வைத்திருந்தாள். புத்தகம் அந்தப் பக்கத்தில் கண்ணாடிக் கூட்டை அணையாக வைத்துத் திறந்திருந்தது.

"என்னா சொன்னாரு? எப்படிச் சொன்னாராம்?"

மாப்பிள்ளை சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.  முடித்ததும் அவள் தேத்தண்ணிக் குவளையை என் பக்கம் நகர்த்தினாள்.

"குடி, ஆறிடும்."

நான் குவளையை எடுத்ததும் சொன்னாள். "அந்தத் தம்பி மேல தப்பில்ல. எனக்கும் அவரு அம்மா பேரு தெரியாது. அவங்க வீட்டுச் சோத்த எத்தன தரம் தின்னிருக்கேன்."

"குறை ஒண்ணும் இல்லன்னுதான் இமாம் சொன்னாராம்கா."

"அவளுக்குக் கொற இல்லல்ல? அப்ப சரி." பிறகு, "கதவுகிட்டயே நின்னுட்டோம்ல. நாலு எட்டு வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். குரல் அங்கே உடைந்தது. மறுபடியும் சரிசெய்துகொண்டாள். "திரும்ப ஒருதரம் கூப்பிட முடியுமான்னு அந்த நானாகிட்ட கேளு."

அங்கிருந்தே கடைக்குப் போன் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நானா பெருமூச்சு விட்டது கேட்டது.

"அது ஒரு தரம்தான் தங்கச்சி. ஆனா ஒண்ணும் கெட்டுப் போவல. படைச்சவனுக்குத் தெரியாதா யாரு பிள்ளன்னு?"

"நானா, நான் அவ அம்மா பேசுறேன்" என்றாள் அக்கா, போன் பக்கம் குனிந்து. "அந்த மொதத் தாயின்னு சொல்றீங்களே. அவங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"நாம எல்லாருமேதான் அக்கா. ஒலகத்துல பொறந்த அத்தன பேரும்."

"அத்தன பேருல எம் பிள்ளைய அவங்களுக்கு அடையாளம் தெரியுமா? அவ சீக்கிரம் பேச மாட்டா நானா. புது எடத்துல யாராச்சும் கேள்வி கேட்டா எம் முந்தானைய பிடிச்சிக்கிட்டு நிப்பா. தெரிஞ்ச பேரக் கேட்டாத்தான் தலையத் தூக்குவா."

 கடையில் யாரோ பேரீச்சம்பழத்தைக் காட்டி இது எந்த ஊருப் பழம் என்று கேட்டது தெளிவாகக் கேட்டது. நானா அவருக்கும் பதில் சொல்லவில்லை.

"சரி நானா, ஆளுங்க நிக்கிறாங்க போல. கடையப் பாருங்க" என்றாள் அக்கா.

போனை அணைத்தேன். எனக்குத் தெரிந்த புத்தகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. எதையும் நான் வாயால் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"வேணாம், இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில்தான் அவள் இத்தனை நாளும் நின்றிருந்தாள். இப்போது விரலை அடுத்த வரிக்கு இறக்கி, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தாள். இத்துடன் அடக்கம் முடிந்தது, வந்தவர்கள் வீடு திரும்பலாம் என்று அதில் எழுதியிருந்தது.